பிரான்சு மணி

மார்கரீத் குதிரையை அருகில் பார்த்தது வாழ்நாளில் இரண்டே தடவை. ஒரு முறை கடற்கரைச் சாலையில், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடந்த ஒரு கிழட்டு மட்டக்குதிரை. இன்னொரு முறை தெற்குப் பிரான்சில், மழை பெய்துகொண்டிருந்த பந்தயத் திடலில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. பதினெட்டுக் குதிரைகள் கடந்துபோனபோது முகத்தில் தெறித்த சேற்றைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் காகிதத்தில் குதிரையைப் படிப்பதற்கு அவளைப் போல் புதுச்சேரியில் இன்னொரு ஆள் இல்லை என்று ஊரிலிருந்த பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் சொல்வார்கள்.

அவள் பிறந்தது முத்தியால்பேட்டையில், ஆலைத் தொழிலாளி வீட்டில். இருபத்தொரு வயதில், விடுப்பில் ஊருக்கு வந்திருந்த கிளோத்துக்குக் கட்டிவைத்தார்கள். கிளோத் பிரெஞ்சுப் படையில் சிப்பாய்; ஊர் வழக்கில் சொல்தா. அவரோடு போனவள் இருபத்தாறு வருஷம் பிரெழுஸ் நகரில் இருந்தாள். அவர் பட்டாளத்து ஸ்டோர் சாவிக்கொத்தோடு அலைந்தார். அவள் ஒரு காபிக் கடையில் கிளாஸ் கழுவினாள். கடையின் மூலையில் குதிரைப் பந்தயச் சீட்டு கொடுக்கும் கவுண்டர் இருந்தது. ஞாயிறு காலையில் ஆண்கள் அங்கே பேப்பரை விரித்து வைத்துப் பென்சிலால் கோடு போடுவார்கள். போகும்போது அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். மேசை துடைக்க வந்தவள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். எந்தக் கோடு பலித்தது என்று மறுநாள் பேப்பரில் தேடினாள். பிரெஞ்சில் அவள் தடுமாறாமல் படித்தது அந்த ஒரு பக்கம்தான்.

அவளுக்குப் பிடித்தது சுமைப் பந்தயம். ஓட்டத்துக்குப் பல நாள் முன்பே ஓர் அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொரு குதிரைக்கும் இத்தனை கிலோ என்று விதிப்பார். நன்றாக ஓடுவதற்கு அறுபது. சுமாரானதற்கு ஐம்பத்தைந்து. தேறாததற்கு ஐம்பத்தொன்று. ஓட்டுபவனின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத்தைச் செருகிச் சரிக்கட்டுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பது அதிகாரியின் கணக்கு. அவர் எந்தக் குதிரை விஷயத்தில் தவறியிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது மார்கரீத்தின் வேலை.

எண்பத்தொன்பதாம் வருஷம் கணவனும் மனைவியும் பென்ஷனோடு ஊர் திரும்பி உப்பளத்தில் குடியேறினார்கள். மகன் யோஹான் அங்கேயே தங்கிவிட்டான். பாரீஸுக்கு வெளியே ஓர் அடுக்கு வீட்டில் இருந்தான். படியிறங்கினால் பந்தயச் சீட்டு விற்கும் கடை. ஊர் வந்த இரண்டாம் வருஷம் மார்கரீத் மறுபடி பென்சிலை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது இதுதான். காலையில் தெருமுனை வடிவேலின் டெலிபோன் பூத்துக்குப் போய் அன்றைய குதிரைப் பட்டியலை வாங்கி வருவாள். முன்பெல்லாம் யோஹான் ஃபேக்ஸில் அனுப்புவான். கம்ப்யூட்டர் வந்த பிறகு வடிவேலே அச்செடுத்துக் கொடுத்தான். மத்தியானம் ஐந்து குதிரைகளைப் பொறுக்குவாள். ஐந்தும் முதல் ஐந்து இடத்தில் எப்படி முன்பின்னாக வந்தாலும் பணம் உண்டு. சொன்ன வரிசையிலேயே வந்தால் பெரும் பணம். அங்கே ஓட்டம் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு. கடைசி நேரத்தில் ஏதாவது குதிரை விலகினால் தெரிய வேண்டும் என்பதால், அதற்கு இருபத்தைந்து நிமிஷம் இருக்கும்போதுதான் பூத்துக்குப் போய் யோஹானைக் கூப்பிடுவாள். அவன் கீழே போய்ச் சீட்டைக் கட்டிவிட்டு, ஓட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போன் செய்து முடிவைச் சொல்வான். வீட்டுப் போனில் வெளிநாட்டுக் கால் வரும், போகாது.

இதில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் இராமதாஸ், கிளோத்தோடு பட்டாளத்தில் இருந்தவர், அதே பென்ஷன்; பிரெஞ்சு மரியாதையில் அவரை முசே என்றும் மார்கரீத்தை மதாம் என்றும் கூப்பிடுவார்கள். மற்றவன் வீராம்பட்டினத்து உத்திராபதி. அவன் மனைவி அஞ்சம்மாள் இவர்கள் தெருவில் மீன் விற்றாள். ஒரு நாள் அவள், மார்கரீத் கழித்துப் போட்ட பந்தயக் காகிதத்தில் மீனைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அதிலிருந்த குதிரைப் படத்தையும் எண்களையும் பார்த்துவிட்டு உத்திராபதி மறுநாள் தானே வந்து, இது என்ன கணக்கு என்று கேட்டான். மார்கரீத் சொன்னாள். சுமை என்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பாரம் ஏற்றின படகு எந்தக் காற்றில் எப்படிப் போகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல் அவன் கேட்கிற கேள்விகள் மார்கரீத்தை இரண்டாம் முறை காகிதத்தைப் பார்க்கவைத்தன.

பதினோரு வருஷம் ஓடியது. சின்னச் சின்னதாக வந்தது, போனது. சீட்டை மூவரில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. அது ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யோஹானின் சட்டைப்பையில் இருக்கும். கட்டினோம் என்றால் கட்டினோம். வந்தது என்றால் வந்தது. இந்தக் கூட்டுக்கு மார்கரீத்தின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ரசீது கிடையாது.

கிளோத் குதிரை பக்கமே வரமாட்டார். அவருக்கு இருந்த வேலை ஒன்று. முன்னறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று ஊர் மணி, மற்றது பிரான்சு மணி. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது சகஜம். குளிர்காலத்தில் இரண்டுக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. அங்கே அரசாங்கம் மணியை மாற்றுகிற இரவுகளில் கிளோத் முக்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்பிவைப்பார். மார்ச் கடைசிச் சனிக்கிழமை ஒரு தரம், அக்டோபர் கடைசியில் ஒரு தரம். இரண்டாயிரத்து ஒன்று அக்டோபரிலும் ஏறித் திருப்பினார். நவம்பரில் இறந்துபோனார்.

அடுத்த வருஷம் மார்ச் கடைசி ஞாயிறும் பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகையும் ஒரே நாளில் வந்தன. சனிக்கிழமை இரவு மார்கரீத் கோயிலில் இருந்தாள். திருவிழிப்புப் பூசை முடிந்து, கையில் மெழுகுவர்த்தியோடு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். மணி மாறும் நாள் என்பது அவள் மனதில் எங்குமே இல்லை. அது அவள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் மூவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். உத்திராபதி வாடிப்போயிருந்தான். அவன் படகு இஞ்சின் அரியாங்குப்பத்து மெக்கானிக் கடையில் பிரித்துப்போட்டபடி ஒரு மாதமாகக் கிடந்தது. இருபதாயிரம் இல்லாமல் அதைத் தொடமாட்டேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். அதுவரை அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். சொந்தப் படகு வைத்திருந்தவன் கூலிக்கு ஏறினால் கரையில் என்ன பேசுவார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. மார்கரீத்தும் கேட்கவில்லை.

அவள் குதிரைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். எண், சுமை, போன ஓட்டங்களில் வந்த இடம், தரை. நான்கு குதிரைகள் சிரமமில்லாமல் அமைந்தன. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று. ஐந்தாவதுதான் இழுத்தது.

"அங்க மழயாக்கா?" என்றான் உத்திராபதி.

நாலு நாளாக மழை, தரை கனம் என்று போட்டிருக்கிறது என்றாள்.

"அப்ப அந்த அம்பத்தோரு கிலோவ உட்றாதீங்க."

அது பதினாலாம் எண். இராமதாஸ் காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். போன ஆறு ஓட்டத்தில் ஒரு தடவைகூட முதல் ஐந்தில் வராத குதிரை.

"கழுதைக்கு சேணம் கட்டி உட்டுருக்கான்" என்றார்.

"சேத்துல எறங்குனா பாரம் இருக்கறதும் இல்லாததும் ஒண்ணா முசே? மணல்ல தட்டுற படகப் பாத்தா தெரியும்."

"ஒம் படகு எங்க இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

உத்திராபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இராமதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்கரீத் காகிதத்தை வாங்கி மறுபடி பார்த்தாள். அந்த ஆறு ஓட்டமும் காய்ந்த தரையில் நடந்தவை. அதற்கு முன்னால், இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஏதோ ஒரு சின்ன ஊரில், கனத்த தரையில், அதே குதிரை இரண்டாவதாக வந்திருந்தது. சுமை விதித்த அதிகாரி கடைசி ஆறை மட்டும் பார்த்திருக்கிறார். ஐந்தாவது குதிரை எது என்பதில் கடைசிச் சொல் மார்கரீத்துடையது என்பது கூட்டின் வழக்கம். பூத்துக்குப் போகும் வழியில்கூட அதை மாற்ற அவளுக்கு உரிமை உண்டு. அவள் பதினாலைச் சுற்றி வட்டம் போட்டாள்.

பிரான்சு மணி இரண்டே முக்கால் காட்டியபோது பூத்துக்குப் போனாள். ஊரில் ஏழேகால். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே யோஹான் எடுத்தான். பாஸ்கா வாழ்த்துச் சொன்னான். கோயிலுக்குப் போனீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டான். பிறகு அவனாகவே பேச்சைத் தொடர்ந்தான்.

"போன் வரலயா, அப்பா இல்லாத மொதப் பாஸ்கா, இந்த வாரம் வேணாம்னு உட்டுட்டீங்கன்னு நெனச்சேன் மமா. நான் சும்மா டிவியில பாத்தேன். நல்ல ஓட்டம்."

"ஓட்டம் முடிஞ்சிடுச்சா?"

"நேத்து ராத்திரி மணி மாத்திட்டாங்களே. இங்க மூணே முக்காலு."

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எது வந்தது என்று கேட்டாள். அவன் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு போனான். யாரும் கண்டுக்காத ஒரு குதிரை, சேற்றில் எல்லாரும் திணற, அது மட்டும் ஓரமாக வந்து ஜெயித்துவிட்டது, பதினாலு. அப்புறம் மூணு. ஏழு. பதினொண்ணு. ஐந்தாவதை அவன் சொல்லாமலே இருக்கட்டும் என்று மார்கரீத் நினைத்தாள். அஞ்சாவதா அஞ்சு, என்று அவன் சிரித்தான். வரிசை பார்க்காமல் கட்டியிருந்தால்கூட ஆயிரத்து நானூறு யூரோ என்று டிவியில் காட்டினார்களாம். ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய். மூன்றாகப் பிரித்தால் இருபது.

தன் எண்களை அவள் மகனிடம் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பூத்திலிருந்து வீட்டுக்கு இருநூறு அடி. மார்கரீத் மெதுவாக நடந்தாள். சுளுவான வழி ஒன்று அவளுக்கு உடனே தெரிந்தது. கடைசி நேரத்தில் பதினாலை எடுத்துவிட்டு வேறொன்று போட்டேன் என்று சொன்னால் போதும். அது அவள் உரிமை. இராமதாஸ் தன் பேச்சைத்தான் கேட்டாள் என்று உள்ளூர மகிழ்வார். உத்திராபதிக்கு வலிக்கும், ஆனால் நம்புவான். குதிரையைத் தவறாகப் படித்தவளை யாரும் திருடி என்று சொல்லமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அப்படியல்ல. ஐந்தும் வந்த ஒரே நாளில் சீட்டு கட்டவில்லை என்று ஒருத்தி சொன்னால், கேட்பவன் என்ன நினைப்பான் என்று அவளுக்கே தெரியும். தான் அவர்கள் இடத்தில் இருந்தால் நம்புவாளா என்று யோசித்துப் பார்த்தாள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் பதினாலை எடுத்துவிட்டேன் என்றால், அவன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் தூக்கிப்போட்டதாக ஆகும். கூலிக்குப் போகிறவன் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று அவன் எடுத்துக்கொள்வான். அவள் அப்படிச் செய்யவில்லை. செய்யாததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றபடியே சொன்னாள்.

"அங்க மணி மாறினத நான் மறந்துட்டேன். நான் போன் பண்றதுக்குள்ள ஓட்டம் முடிஞ்சுபோச்சு. சீட்டு கட்டல. நம்ம அஞ்சும் வந்திருக்கு. பதினாலு மொதல்ல."

கிளோத் பெயரை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இருவரும் தலைகுனிந்து கேட்டிருப்பார்கள். ஆனால் அது செத்தவர் மேல் பழியை ஏற்றுகிற சாக்கு என்று அவளுக்கே தோன்றியது.

இராமதாஸ் சுவரைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபது வருஷம் அங்கே இருந்தவர். மணி மாற்றம் அவருக்கும் தெரிந்ததுதான், அவரும் மறந்திருந்தார். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"கட்டியிருந்தா சீட்டு யோஹான் கைல இருக்கும். கட்டலன்னாலும் யோஹானதான் கேக்கணும். நமக்கு என்ன தெரியும் மதாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உத்திராபதி எழுந்திருக்கவில்லை. பதினாலு எப்படி ஓடி வந்தது என்று கேட்டான். யோஹான் சொன்னதை அவள் சொன்னாள். எல்லாக் குதிரையும் நடுவில் முண்டிக்கொண்டு சேற்றில் மாட்ட, அது மட்டும் வெளி ஓரமாகச் சுற்றி வந்ததாம். அதிக தூரம்தான், ஆனால் அங்கே தரை மிதிபடாமல் இருந்ததாம்.

"ஓரமா வந்துச்சா" என்றான்.

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு எழுந்து, வரேன்க்கா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை.

அந்த வாரம் மார்கரீத் சரியாகத் தூங்கவில்லை. கிளோத் இறந்த பிறகு அவளுக்கு வர வேண்டிய விதவைப் பென்ஷன் இன்னும் காகிதமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கழுத்தில் சங்கிலி இருந்தது. அதை வைத்து உத்திராபதியின் பங்கைக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். புதன்கிழமை அடகுக்கடை வரை போனாள். படியில் நின்றபோது, இதைக் கொடுத்தால் பந்தயப் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும் என்று தோன்றியது. கொடுக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

செய்தி அதற்குள் பரவியிருந்தது. முன்னாள் படைவீரர் சங்கத்தில் பென்ஷன் விஷயமாக விசாரிக்கப் போனபோது, வரிசையில் நின்ற ஒருவர், மதாமுக்கு இனிமேல் பென்ஷன் எதற்கு என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் காகிதத்தை நீட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். மீன் கொண்டுவரும் அஞ்சம்மாள் அந்த வாரம் முழுக்க அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. சனிக்கிழமை இராமதாஸ் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். கண் சரியாகத் தெரியவில்லையாம், டாக்டர் படிக்கக் கூடாது என்கிறாராம், அதனால் இனி ஞாயிறு வர முடியாதாம்.

மறு ஞாயிறு அவள் பழக்கத்தில் போய்ப் பட்டியலை வாங்கி வந்தாள். வாங்கும்போது ஏன் வாங்குகிறோம் என்று தெரியவில்லை. மேசையில் விரித்து, பென்சிலைச் சீவி, தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு உத்திராபதி வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். இஞ்சின் பற்றிப் பேசவில்லை. அஞ்சம்மாளுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னான். அது உண்மையா என்று மார்கரீத் யோசித்தாள். உடனே, அவனும் தன்னைப் பற்றி இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள்.

அவள் படித்தாள். எண், சுமை, போன ஓட்டங்கள், தரை. மழை நின்றுவிட்டிருந்தது. காய்ந்த தரை என்றதும் அவன் ஆர்வம் குறைந்தது போலிருந்தது. நான்கு அவள் சொன்னாள். ஐந்தாவதற்கு ஒன்பது என்று அவன் சொன்னான். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்றான். பதினோரு வருஷத்தில் அவன் காரணம் இல்லாமல் ஒரு குதிரையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஒன்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தான். எப்போதும் போல நான்காக மடித்திருந்தான். மேசையில் காகிதத்துக்கு அடியில் வைத்தான்.

ஆறு மணிக்கு அவள் கிளம்ப எழுந்தபோது அவனும் எழுந்தான்.

"நானும் வரேன்க்கா" என்றான்.

அவள் பூத்துக்குப் போகும்போது இதுவரை யாரும் கூட வந்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. இருவரும் தெருவில் நடந்தார்கள். அவன் ஒரு எட்டு பின்னால் வந்தான். வெயில் இறங்கி, வீட்டு வாசல்களில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

பூத்தில் வடிவேல் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடி அறைக்குள் போனாள். உத்திராபதி வெளியே, கண்ணாடிக்கு நேர் எதிரில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். துணைக்கு வந்தவன் போலவும் இருந்தது. வேறு மாதிரியும் இருந்தது. அவன் கண் அவள் விரல்களில் இருந்தது.

ஊர் மணி ஆறேகால், பிரான்சு மணி இரண்டே முக்கால் ஆகும் வரை காத்திருந்து எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் யோஹான் எடுத்து, மமா என்றான். மார்கரீத் கையை நீட்டி, சாத்தியிருந்த கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்துவைத்தாள். பிறகு எண்களை ஒவ்வொன்றாக, பிரெஞ்சில் அல்ல, தமிழில், வெளியே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.